ஆளில்லாத காடு என்னும் பொய்

மனிதன் விலகி நின்றால் போதும், இயற்கை தானே தழைத்துவிடும். இன்றைய சூழலியல் எழுத்தின் பெரும்பகுதி இந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. கானுயிர்ப் படக் கண்காட்சிகள், மலையேற்றக் கட்டுரைகள், பள்ளி விழாப் பேச்சுகள், கைப்பேசியில் சுற்றும் வாசகங்கள் எல்லாம் இதையே வெவ்வேறு குரலில் சொல்கின்றன. 2020 ஊரடங்கின்போது இந்த நம்பிக்கை உச்சத்துக்குப் போனது. வெனிஸ் நகரக் கால்வாய்களுக்கு டால்பின்கள் திரும்பிவிட்டன என்று ஒரு காணொளி உலகெங்கும் பரவியது. அது வெனிஸ் அல்ல, சார்டினியாத் தீவின் துறைமுகம் ஒன்றில் எடுக்கப்பட்டது. அந்த உண்மை வெளிவந்த பிறகும் பேச்சு ஓயவில்லை. பூமி தன்னைத்தானே ஆற்றிக்கொள்கிறது, அதைப் பிடித்த நோய் நாம்தான் என்று படித்தவர்களே எழுதினார்கள்.

இந்தக் கருத்து தவறு. வரலாற்றின்படி தவறு, உயிரியலின்படி தவறு, நியாயத்தின்படியும் தவறு. நல்ல நோக்கத்தோடு சொல்லப்படுவதாலேயே யாரும் கேள்வி கேட்காமல் இவ்வளவு காலம் நடமாடிக்கொண்டிருக்கிறது.

எதிர்த்தரப்பை அதன் வலுவான வடிவிலேயே முதலில் வைத்துவிடுகிறேன். மனித இனம் பெருகிய இடமெல்லாம் மற்ற உயிர்கள் சுருங்கியிருக்கின்றன. சாலை, அணை, சுரங்கம், தோட்டப்பயிர் என்று நாம் கால் வைத்த ஒவ்வொரு மலையிலும் அதற்குச் சாட்சி இருக்கிறது. ஆகவே மிஞ்சியிருப்பதைச் சுற்றி வேலி வேண்டும், வேலிக்குள் மனிதர் கூடாது. கலையும் எழுத்தும் அந்த மனிதரற்ற அழகை நம் கண்முன் நிறுத்தி, நம்மிடம் பணிவையும் குற்றவுணர்வையும் எழுப்ப வேண்டும். வாதம் இதுதான். இதன் பின்னால் உண்மையான துயரம் இருக்கிறது, சாதனையும் இருக்கிறது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை வரவிருந்தபோது சுகதகுமாரி முதலான மலையாளக் கவிஞர்கள் எழுதினார்கள், மேடையேறினார்கள். அணை கைவிடப்பட்டது. 1984இல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. எழுத்தால் ஒரு காட்டைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கவிஞர்கள் எதிர்த்தது எதை? ஓர் அணைத் திட்டத்தை. அந்த வெற்றியிலிருந்து 'பெரும் அணை காட்டுக்குப் பகை' என்ற முடிவுக்கு வரலாம். 'மனிதன் காட்டுக்குப் பகை' என்ற முடிவுக்கு வர வழியே இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை நம் சூழலியல் எழுத்து ஒரே தாண்டில் கடந்துவிட்டது. என் மறுப்புகள் அங்கிருந்து தொடங்குகின்றன.

1. ஆளில்லாத இடங்கள் பலவும் ஆளை விரட்டிய இடங்கள்.

உலகம் முழுவதும் இயற்கைப் படக் கலைக்கு இலக்கணம் வகுத்தவர் ஆன்சல் ஆடம்ஸ். அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கு, படைப்பின் முதல் நாள் காலை போலக் காட்சி தருகிறது. பாறை, பனி, மேகம், அருவி. ஒரு மனிதன்கூட இல்லை. ஏன் இல்லை? 1851இல் ஆயுதம் தாங்கிய ஒரு படை அந்தப் பள்ளத்தாக்குக்குள் புகுந்து, அங்கே வாழ்ந்த ஆவனீச்சி மக்களைத் துரத்தியது. 1864இல் அது பாதுகாக்கப்பட்ட இடமானது, 1890இல் அதைச் சூழ்ந்த மலைநிலம் தேசியப் பூங்காவானது. அந்தப் பள்ளத்தாக்கின் நடுவே விரிந்திருந்த புல்வெளிகளும் ஓக் மரங்களும் தற்செயலாக அமைந்தவை அல்ல. ஓக் கொட்டைகளை உணவாகக் கொண்ட அம்மக்கள், அளவாகத் தீ வைத்து அவற்றைப் பேணிவந்தார்கள். அவர்கள் போன பிறகு புல்வெளிக்குள் ஊசியிலை மரங்கள் அடர்ந்து ஏறின. பயணிகள் கண்டு வியந்த அந்தத் 'தீண்டப்படாத' நிலம் பல தலைமுறை மனித உழைப்பின் விளைவு.

1964இல் அமெரிக்கா இயற்றிய வனாந்தரச் சட்டம், மனிதன் வந்துபோகும் விருந்தாளியாக மட்டும் இருக்கும் இடமே வனாந்தரம் என்று வரையறுத்தது. துரத்திய கதையை மறந்துவிட்டு, துரத்தலின் பலனைச் சட்டமாக்கினார்கள். இந்தப் பார்வையை ஏழை நாடுகள் மீது சுமத்துவதன் கேட்டை வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா 1989இலேயே விரிவாக எழுதிவிட்டார். அதற்குப் பிறகும் நம் படக்கலைஞர்கள் மேய்ச்சல் மாட்டையும் விறகு சுமக்கும் பெண்ணையும் மின்கம்பியையும் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டுத்தான் 'காடு' எடுக்கிறார்கள். படத்தில் வெட்டப்படுபவர்களைக் கொள்கையிலும் வெட்டுவது பிறகு எளிதாகிவிடுகிறது.

2. மனிதரை அகற்றியபோது இயற்கை தழைத்ததா? பரத்பூரைக் கேளுங்கள்.

ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ், பறவை ஆர்வலர்களின் திருத்தலம். அது மன்னர்கள் அணையும் மதகும் கட்டி நீர் தேக்கி உண்டாக்கிய சதுப்பு நிலம். தேக்கியதும் பறவைகளைப் போற்றுவதற்கல்ல, சுடுவதற்கு. 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோவின் வேட்டைக் கூட்டம் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தியது. அங்கேயே சுற்றுவட்டாரக் கிராமத்தாரின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்துகொண்டிருந்தன.

தேசியப் பூங்கா என்றானதும் மனிதரும் கால்நடையும் கூடாது என்ற கோட்பாடு வந்தது. 1982இல் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. எதிர்த்த கிராமத்தார் மீது காவல்துறை சுட்டது. உயிர்கள் போயின. அத்தனை விலை கொடுத்துப் பெற்ற 'தூய' இயற்கை என்ன ஆனது என்பதை, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பத்தாண்டு ஆய்வு பதிவு செய்தது. எருமைகளை நிறுத்தினால் பறவைகள் பெருகும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு.

ஓர் எருமை சதுப்பில் என்ன செய்கிறது என்று பாருங்கள். வயிறளவு நீரில் இறங்குகிறது. நீரின் மேல் படரும் புல்லை மென்று தின்கிறது. உடலால் கிழித்துக்கொண்டு நடந்து, திறந்த நீர்ப்பரப்பை உண்டாக்குகிறது. சேற்றைக் கிளறிவிடுகிறது, சாணியால் நீரை வளப்படுத்துகிறது. அது நடந்து போன தடத்தில் வாத்து நீந்துகிறது, கொக்கு மீன் பிடிக்கிறது. எருமை நின்றுபோனதும் நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து நீர்ப்பரப்பை மூடியது. வாத்துகளுக்கு இறங்க இடம் குறைந்தது. மேய்ச்சல் அந்தச் சதுப்புக்குத் தேவை என்ற முடிவுக்கு, தொடக்கத்தில் மேய்ச்சலைப் பகையாகக் கருதிய அறிவியலாளர்களே வந்து சேர்ந்தார்கள். பிறகு புல் அறுக்கவும், பூங்காவை விழுங்கிய சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கவும் அதே கிராமத்தாரைத்தான் நிர்வாகம் அழைத்தது.

இந்த ஆய்வு முடிவு வெளிவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பரத்பூரின் கொக்குகளைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதப்படுகின்றன. அந்த எருமைகளையும் அவற்றின் பின்னால் நடந்தவர்களையும் பற்றி எழுதப்பட்டவை எத்தனை?

3. எது காடு என்று கண்டுகொள்ளவே நமக்குத் தெரியவில்லை.

மனிதச் சுவடு இல்லாததே இயற்கை என்று பழகிய கண், மரம் அடர்ந்திருந்தால் காடு என்றும், மரம் இல்லாவிட்டால் அழிந்த நிலம் என்றும் தீர்ப்பு எழுதுகிறது. ஊட்டியின் பைன் மரக்காடு எத்தனை திரைப்படப் பாடல்களில் இயற்கையின் மடியாகக் காட்டப்பட்டிருக்கிறது! அது நட்டு வளர்த்த தோப்பு. நீலகிரியின் உச்சிகளுக்கு உரியவை சோலைகளும் அவற்றைச் சூழ்ந்த புல்வெளிகளும். அந்தப் புல்வெளியில் தோடர்கள் எருமை மேய்த்தார்கள், பருவம் பார்த்துத் தீ வைத்தார்கள், தங்கள் கோயில் கூரைக்கு அங்கிருந்தே புல் எடுத்தார்கள். வெள்ளையர் கண்ணுக்கு அது பயனற்ற வெற்றுநிலம். ஆஸ்திரேலிய வேல மரங்களையும் தைலமரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். விடுதலைக்குப் பிறகு நம் அரசும் ஆலைகளுக்காக அதையே இன்னும் பெரிதாகச் செய்தது. தோடர்களின் தீயில் தப்பிப் பிழைத்த புல்வெளி, மரம் நட்டவர்களின் நல்லெண்ணத்தில் பெருமளவு அழிந்தது.

சற்று வடக்கே, கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்து பிலிகிரி ரங்கன மலையில் சோளகர்கள் கோடையின் தொடக்கத்தில் தரைச் சருகுக்குச் சிறுதீ வைப்பது வழக்கம். 1970களில் அது சரணாலயமானதும் அந்தத் தீ தடை செய்யப்பட்டது. அதன் பிறகே உண்ணிச்செடி காட்டை மூடியது என்கிறார்கள் சோளகர்கள். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து பூந்தோட்ட அழகுக்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்த செடி அது. 1997க்கும் 2008க்கும் இடையே, ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இடங்களில் அது காணப்பட்ட பரப்பு ஏறக்குறைய இரட்டித்தது. தீத்தடை மட்டுமே காரணமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் விவாதம் உண்டு, அது நடக்கட்டும். ஆனால் காட்டில் வாழ்ந்தவர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்கவே இத்தனை ஆண்டுகள் ஏன் ஆயின என்பதற்கு விடை ஒன்றுதான். காட்டில் மனிதனே இருக்கக் கூடாது என்று முடிவு செய்தவர்களுக்கு, காட்டில் இருக்கும் மனிதன் சொல்வது சாட்சியமாகப் படுவதில்லை.

4. 'மனிதன்' என்று ஒருவன் இல்லை.

எல்லோரையும் குற்றவாளி ஆக்கினால் உண்மையான குற்றவாளி தப்பிவிடுகிறான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. இறகெல்லாம் எண்ணெய் அப்பிக் கறுத்துப்போன கூழைக்கடாக்களின் படங்கள் நாடெங்கும் வந்தன. மனித இனத்தின் பேராசையைப் பாருங்கள் என்று பலர் மனம் கசிந்து எழுதினார்கள். அதே நீரில், அதே நாள்களில், மீனவர்கள் படகில் அமர்ந்து வாளியாலும் கையாலும் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய வலையும் படகும் கறுத்திருந்தன, தோல் அரித்தது, பிழைப்பு நின்றது. அந்தக் கூழைக்கடாவும் அந்த மீனவரும் ஒரே பக்கத்தில் நிற்பவர்கள். இருவரையும் பிரித்து, ஒருவரை 'இயற்கை' என்றும் மற்றவரை 'மனிதன்' என்றும் எதிரெதிரே நிறுத்தும் எழுத்து யாருக்குச் சேவை செய்கிறது?

உலக மக்களில் வருமானம் மிகுந்த பத்து சதவீதத்தினர், வெளியேறும் கரியமில வாயுவில் ஏறக்குறைய பாதிக்குப் பொறுப்பாளிகள். கடமலைக்குண்டில் ஆடு மேய்ப்பவரும் தனி விமானத்தில் பறப்பவரும் 'நாம்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கமாட்டார்கள். 'நாம் பூமியின் நோய்' என்று எழுதுவது பணிவு போலத் தோன்றலாம். பொறுப்பைச் சமமாகப் பங்கிட்டு, பெரிய பங்குக்காரனை மறைக்கும் கணக்கு அது. குற்றவுணர்வைப் பொதுவாக்கிய பின் வழக்குத் தொடுக்க ஆள் இருக்காது.

5. வேலிக்கு உள்ளே புனிதம் என்றால், வெளியே எதுவும் செய்யலாம் என்று பொருள்.

இதுதான் இந்தப் பார்வையின் மிகக் கொடிய விளைவு. இயற்கை என்பது எங்கோ முதுமலையிலும் முண்டந்துறையிலும் இருப்பது என்று நம்புகிறவருக்கு, தன் தெருக்கோடி ஏரி இயற்கையாகத் தெரிவதில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பின் மேல் சென்னை மாநகரம் பல பத்தாண்டுகள் குப்பை கொட்டியது. சாலைகளும் கட்டடங்களும் அதைத் துண்டுபோட்டன. பெரும்பகுதி போன பிறகுதான் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலம் என்ற ராம்சார் தகுதி வந்தது. அத்தனை ஆண்டுகளில் நகரத்து இயற்கை ஆர்வலர் வார இறுதியில் எங்கே போனார்? மலைக்கு.

வேடந்தாங்கலிலும் இதே தர்க்கம் தலைகாட்டியது. சரணாலயத்தின் எல்லை ஏரியிலிருந்து 5 கி.மீ. ஆரத்துக்கு விரிந்திருந்தது. அதை 3 கி.மீ. ஆகச் சுருக்கலாம் என்று 2020இல் ஒரு முன்மொழிவு வந்தது. வெளிவட்டத்தில் இருப்பவை வயலும் ஊரும் சிறு ஏரிகளும்தான், பறவை இருப்பது நடுவில் உள்ள ஏரியில்தானே என்று எளிதாகக் கேட்டுவிடலாம். ஆனால் அந்தப் பறவைகள் கூட்டுக்கு இரை கொண்டுவருவது அந்த வயல்களிலிருந்தும் சிறு ஏரிகளிலிருந்தும்தான். வயலை இயற்கையாக எண்ணாதவனுக்கு அந்த 2 கி.மீ. வெறும் மனை. முன்மொழிவை எதிர்த்தவர்கள், மனிதர் வாழும் நிலத்தையும் பறவையின் நிலமாகக் கண்டவர்கள்.

6. எதிர்பார்க்கும் கேள்விகளுக்கு மூன்று பதில்கள்.

'பழங்குடிகளைப் புனிதர் ஆக்குகிறீர்களா?' இல்லை. பழங்குடியை 'இயற்கையின் குழந்தை' என்று கொஞ்சுவதும் இதே பார்வையின் இன்னொரு முகம்தான். அவர்களும் தவறு செய்யக்கூடிய, மாறக்கூடிய, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் உரிமையுள்ள குடிமக்கள். அந்த நிலத்தைப் பற்றி அவர்களுக்கு அறிவும் அக்கறையும் உண்டு என்பதே என் வாதம். அந்த நிலம் கெட்டால் முதலில் கெடுவது அவர்கள் வாழ்வு.

'புலிக்கும் யானைக்கும் மனிதத் தொந்தரவில்லாத இடம் வேண்டாமா?' சில இடங்களில் வேண்டும். ஆனால் எங்கே, எவ்வளவு, யாருடைய இசைவோடு என்ற கேள்விகளைத் தாண்டிக் குதிக்க முடியாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமே கிராமசபையின் இசைவைக் கேட்கிறது. பிலிகிரி ரங்கன மலையில் சோளகர்கள் 2011இல் சமூக வன உரிமை பெற்றார்கள். அங்குள்ள புலிகள் காப்பகம் அழிந்துவிடவில்லை.

'மக்கள்தொகை இவ்வளவு பெருகிய பின் பழைய கதை உதவுமா?' பெருகிய மக்கள் போவதற்கு வேறு பூமி இல்லை. அதனாலேயே மனிதரும் பிற உயிர்களும் ஒரே நிலத்தில் வாழும் வழியைத் தேடுவது அவசரமாகிறது. 'விலகு' என்பது போக்கிடம் உள்ளவனிடம் மட்டுமே சொல்லக்கூடிய அறிவுரை.

7. மாற்று இல்லாமல் மறுக்கவில்லை. மாற்று நம் கண்முன்னே இருக்கிறது.

வேடந்தாங்கல் ஏரி ஏறக்குறைய 30 ஹெக்டேர். அதைக் காத்தது முதலில் ஊர், பிறகுதான் வனத்துறை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டு, கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு ஆணை பெற்றார்கள். காரணம் பக்தி மட்டுமல்ல. நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் ஆயிரக்கணக்கான பறவைகள் கூடு கட்டுகின்றன. எச்சம் நீரில் விழுகிறது. அந்த நீர் மதகு வழியாக வயலுக்குப் பாய்கிறது, உரச்செலவு குறைகிறது. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள் வீட்டுப் பக்கத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. கீழே விழும் குஞ்சை எடுத்து வளர்ப்பவர்கள் ஊரார். மனிதன் விலகியதால் அங்கே பறவை வரவில்லை. மனிதன் இருந்ததால், அதுவும் இன்ன விதமாக இருந்ததால் வந்தது. சூழலியல் எழுத்து ஆராய வேண்டியது அந்த 'இன்ன விதத்தை'.

கலையிலும் முன்னுதாரணம் உண்டு. நீலகிரிப் பகுதியின் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் கலைஞர்கள், காட்டை விழுங்கும் அதே உண்ணிச்செடியை வெட்டியெடுத்து, தண்டை வேகவைத்து, பட்டை உரித்து, இரும்புச் சட்டத்தின் மேல் வளைத்து, முழு அளவு யானைகளை உருவாக்குகிறார்கள். தங்கள் ஊர்ப்பக்கம் நடமாடும் யானைகளின் சாயலிலேயே செய்கிறார்கள். 2021இல் அந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024இல் அமெரிக்க நகரங்களுக்குப் போயின. அந்தச் சிற்பத்தில் களை அகற்றப்படுகிறது, கூலி கிடைக்கிறது, யானையோடு தினமும் வழி பகிர்ந்துகொள்பவரின் கைத்திறன் தெரிகிறது. மனிதனை வெட்டியெறிந்த எந்தப் புகைப்படத்தையும்விட அது காட்டைப் பற்றி அதிகம் சொல்கிறது.

எழுத்தில் மா. கிருஷ்ணன் இருக்கிறார். 1950 முதல் 1996இல் மறையும் வரை ஓர் ஆங்கில நாளிதழில் இயற்கை பற்றிய பத்தி எழுதிய தமிழர். தமிழிலும் எழுதினார். யானையை எழுதிய அதே கவனத்தோடு சென்னை வீட்டுக் கொல்லையின் அணிலையும் காக்கையையும் எழுதினார். காட்டுக்கும் தெருவுக்கும் நடுவே அவர் வேலி போடவில்லை. நமக்கு இப்படி ஒரு மரபு இருக்க, யோசெமிட்டியிலிருந்து கண்ணாடி கடன் வாங்க வேண்டிய தேவை என்ன?

இயற்கை பற்றி எழுதுகிறவர்களுக்கும் படம் எடுக்கிறவர்களுக்கும் அவற்றை வெளியிடும் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இது. ஓர் இடத்தைக் 'கன்னிநிலம்' என்று எழுதும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இங்கே யார் வாழ்ந்தார்கள்? அவர்கள் ஏன் இப்போது இல்லை? இது இப்படி நிற்பதற்கு யாருடைய உழைப்பு காரணம்? விடை தேடுவது கடினமல்ல. பக்கத்து ஊரில் வயதானவர் ஒருவரிடம் உட்கார்ந்து பேசினாலே பாதி கிடைத்துவிடும். அந்த விடைகள் இல்லாத பக்கம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், அச்சேறத் தகுதியற்றது.